ஒழுகாத எண்ணெய்

அந்த மோட்டார் சைக்கிளில் எண்ணெய் ஒழுகவில்லை. நான்தான் பூசினேன்.

ஆம்... என் கணவர் தன் விடுமுறையில் பாதியைத் தொலைத்துத் தேடிய அந்த ஒழுக்கு என் கையால் நடந்தது. தையல் மெஷினுக்கு எண்ணெய் போடும் கோழி இறகை எடுத்து, அவர் வடித்து வைத்திருந்த பழைய கறுத்த எண்ணெயில் தோய்த்து, எஞ்சினின் அடியில் தடவினேன். ஒருநாள் இரண்டுநாள் அல்ல! இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாதவரிடம் சொல்வது சுலபம் என்று நினைத்தேன். அதுவும் சுலபமாக இல்லை.

நான் கற்பிட்டிப் பக்கத்துக் குறிஞ்சிப்பிட்டியில் இருக்கிறேன். வீட்டிலேயே உடுப்புத் தைக்கிறேன். அவர் கட்டாரில் டிரைவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் ஒன்றரை மாதம். அந்த ஒன்றரை மாதமும் எனக்குத்தான் என்று நினைக்கிறீர்களா? காலையில் கூட்டாளிமார் வந்து கூட்டிப்போவார்கள். மத்தியானம் யாராவது வீட்டில் விருந்து. பின்னேரம் கற்பிட்டிக் கடைத்தெரு. வந்து படுத்தால் குறட்டை! அவர் கொண்டுவந்த பெட்டிதான் முழுநாளும் என்னோடு வீட்டில் இருக்கும்.

பொறாமையா என்று கேட்பீர்கள். ஓம், பொறாமைதான்.

மோட்டார் சைக்கிள் அவருடைய வாப்பாவினுடையது. எனக்கு மாமா. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து மன்னார்ப் பக்கத்திலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர். வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்று, பிறகு கருவாட்டு வியாபாரம் செய்து, தனக்கென்று அவர் முதன்முதல் வாங்கிய பொருள் அது. சண்டை முடிந்ததும் தன் மண்ணுக்கே திரும்பிப் போனார். அப்போது அங்கே வீடுமில்லை, வீதியுமில்லை. வண்டியை மகனிடம் விட்டுவிட்டுப் போனார்.

வீதி வந்தபிறகு அவருக்கு ஓர் ஆசையும் வந்தது. அகதியாக இருந்து வாங்கிய வண்டியைச் சொந்த ஊருக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்க்கவேண்டும். பள்ளிவாசலில் இருந்து குளக்கட்டு வரைக்கும். அவ்வளவுதான்! அதற்குமேல் அந்த மனுசன் எங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த விடுமுறையில் வண்டியை வாப்பாவிடம் கொண்டுபோவதென்று இவர் முடிவுசெய்திருந்தார். வெங்காய லொறி ஒன்றில் ஏற்றி அனுப்பலாமே என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது.

"வாப்பாட பைக்க லொறில ஏத்துறதா? ஓட்டிக்கொண்டு போய் வாப்பாட கையில பைக் திறப்பக் குடுக்கணும் புள்ள!"

ஆனால் வண்டியில் எண்ணெய் ஒழுகியது. அப்போது உண்மையாகவே ஒழுகியது. மதவாச்சியால் சுற்றிப்போகும் நீண்ட ஓட்டம். ஒழுகும் வண்டியை நம்பி இறங்க முடியாது. ஆகவே சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு முருங்கைமரத்து நிழலில் அவர் உட்கார்ந்தார். கூட்டாளிமாரைத் திருப்பி அனுப்பினார்.

மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினைக் கழுவினார். துணியால் துடைத்துக் காயவிட்டார். பிறகு எனக்கென்று கட்டாரிலிருந்து கொண்டுவந்த பௌடர் டின்னை அலுமாரியிலிருந்து எடுத்துவந்து எஞ்சின் முழுக்கத் தூவினாரே பாருங்கள்! "அது எனக்கா, இதுக்கா?" என்று கத்தினேன். சிரித்தார். பௌடர் நனைந்து கறுக்கிற இடம்தான் ஒழுகிற இடமாம்.

"மேலயிருந்து தேடணும் புள்ள. ஓடக்குள்ள காத்து அடிச்சி ஒயில எங்கயோ கொண்டுபோய் விட்டிரும். சொட்டுற இடத்தப் பாத்து ஏமாறக்கூடாது. டோர்ச்ச இஞ்சால பிடி..."

பிடித்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அவர் கையில் வேலை இருந்ததாலோ என்னவோ, வாய் தானாகத் திறந்தது. கட்டாரில் ஒரே அறையில் எட்டுப்பேர் படுப்பதை, காய்ச்சலில் தனியாகக் கிடந்ததை, பெருநாளன்று கழிவறைக்குள் போய் அழுததை... எல்லாம் சொன்னார். தொலைபேசியில் "சாப்பிட்டியா? பிள்ளைகள் படிக்கிறாங்களா?" என்பதற்குமேல் பேசாத மனிதர்! கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் கணவரோடு நான் பழகியது அந்த முருங்கைமரத்தடியில்தான்.

பிழை எஞ்சினின் மேல்மூடியில் இருந்தது. உள்ளே எண்ணெய் கசியாமல் அடைக்கிற கேஸ்கட் காய்ந்து வெடித்திருந்தது. புதியது வாங்கிப் போட்டார். கற்பிட்டிவரை ஓட்டிப்போய் வந்தார். ஒரு பொட்டு ஈரமில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்! நின்டிட்டுது. வெள்ளிக்கிழம ஜும்ஆ முடியப் போறன். லீவு முடியுமட்டும் வாப்பாவோட இரிந்திட்டு வாறன்."

மகளுக்குப் பரீட்சை. நான் கூடப் போக முடியாது. லீவு முடியும்வரைக்கும்... என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. அவர் சந்தோஷத்தில் அது தோன்றவும் இல்லை.

மறுநாள் விடியுமுன் அவர் சுபஹுத் தொழப் பள்ளிக்குப் போனார். நான் வீட்டில் தொழுதேன். தொழுத கையோடுதான் போய் இறகை எடுத்தேன்! ஒரேயொரு நாள் அவர் என்னோடு இருக்கட்டும் என்றுதான்... சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

திரும்பிவந்தவர் குனிந்து பார்த்தார். வண்டிக்கடியில் விரித்திருந்த காட்போட் மட்டையில் கறுப்பாக ஒரு வட்டம். முகம் விழுந்துவிட்டது. பிறகு சாறனை மடித்துக் கட்டினார். எனக்கு நெஞ்சு இனித்தது... வெட்கம்கெட்ட நெஞ்சு!

அன்றும் பேசினார். அடுத்தநாளும் தடவினேன். அடுத்தநாளும்.

"ஓடக்குள்ள ஒழுகுதில்ல, நின்டாத்தான் ஒழுகுது" என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்தார். பக்கமூடியைக் கழற்றினார், சீல் மாற்றினார், மறுபடி கழற்றினார். விரல்களெல்லாம் வெட்டுக்காயம். நான் மஞ்சள் பூசிவிட்டேன். எண்ணெய் தடவிய அதே கையால்தான்!

கற்பிட்டியிலிருந்து மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, விட்டு, மறுபடி உருவிப் பார்த்தார்.

"ஒயில் ஒரு சொட்டும் குறையல்லியே! பிறகெங்கால ஒழுகுது? ஜின்னுட வேலயா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

மாமா தொலைபேசியில் கேட்பார். "மகன், எப்ப வாறீங்க? பள்ளியடியில இருந்து குளத்தடி மட்டும் தார் போட்டிட்டாங்க."

"இன்னும் ஒழுகுது வாப்பா."

"அவசரமில்ல மகன். ஒழுகுற பைக்க தூரத்துக்கு எடுக்க வேணாம். நான் எங்க போகப்போறன்?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறந்திருக்கலாம். "இனி ஒழுகாது, போங்க" என்று ஒரு வார்த்தை! ஏன் சொல்லவில்லை? பயமா? பயம் பாதி. மீதி... அவரை விட மனம் வரவில்லை.

விடுமுறை முடிந்தது. கடைசியில் பஸ்ஸில் போய், ஒரேயொரு நாள் வாப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார். வண்டியைத் தறப்பாளால் மூடிக் கட்டினார். "அடுத்த லீவுக்கு" என்றார்.

அந்த லீவு வரும்வரைக்கும் மாமா இருக்கவில்லை. மௌத்துச் செய்தி வந்தபோது இவருக்கு லீவு கிடைக்கவில்லை. தொலைபேசியில் குழந்தைபோல அழுதார்.

"எனக்குத்தான் புள்ள வேல தெரியாமப் போச்சு. ஒரு ஒழுக்கக் கண்டுபிடிக்க ஏலாதவன் நான்... வாப்பாட ஒரு ஆச..."

அப்போதாவது சொன்னேனா? "அழாதீங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்!

தௌபாச் செய்து அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டுவிட்டேன். எத்தனை தொழுகையில் அழுதிருக்கிறேன். ஆனால் மனிதருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதர்தான் மன்னிக்கவேண்டும் என்று சிறுவயதிலேயே படித்திருக்கிறேனே... மாமாவிடம் எங்கே போய்க் கேட்பேன்?

கணவரிடம் கேட்கலாம் என்பீர்கள். கேட்கலாம். கேட்டால், அந்த முருங்கைமரத்தடியும் போய்விடும். என்னிடம் அவர் மனம் திறந்த நாட்களெல்லாம் நான் களவெடுத்த நாட்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கென்று வேறு என்ன இருக்கிறது?

அடுத்த மாதம் வருகிறார். வந்ததும் எஞ்சினை முழுதாகக் கழற்றப்போகிறாராம். "இந்த முறை அத விடமாட்டன் புள்ள. கண்டுபிடிச்சி, வாப்பாட ஊருக்குள்ள நானே ஒரு சுத்து ஓடுவன்" என்கிறார்.

தறப்பாளை விலக்கி, வண்டிக்கடியில் புது மட்டை ஒன்று விரித்து வைத்திருக்கிறேன். தினமும் காலையில் குனிந்து பார்க்கிறேன். உண்மையாகவே ஒரு சொட்டு ஒழுகிவிடாதா என்று! மட்டை காய்ந்தே கிடக்கிறது.

இறகை அடுப்பில் போட்டு எரித்துவிட்டேன். இனி அதைச் செய்யமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் நேற்றுக் கடைக்குப் போனவள், சீனியும் பாணும் வாங்கிக்கொண்டு, டோர்ச்சுக்குப் புதுப் பற்றரியும் வாங்கி வந்திருக்கிறேன்.