புளி பட்ட கழுகு

என்னிடம் மூன்று ஜெர்மன் ராணுவத் தலைக்கவசங்கள் இருக்கின்றன. மூன்றும் முதல் உலகப் போர்க்கால எஃகு. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை. ஒரே தகட்டை விரிசல் விடாமல் இவ்வளவு ஆழமாக அழுத்தி எடுத்திருக்கிறார்களே என்ற வியப்பில்தான் முதலாவதை வாங்கினேன். இந்த மலை ஈரத்தில் துரு பிடிக்காமலிருக்க மாதம் ஒருமுறை எண்ணெய் பூசுவேன்.

பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூ வியாபாரம் செய்யும் ஒருவருக்கும் இதே பைத்தியம். உச்சியில் கூர்முனையும் நெற்றியில் பித்தளைக் கழுகும் வைத்த, எஃகுக்கு முந்தைய தோல் கவசம் ஒன்று அவரிடம் இருந்தது. என் முதல் கவசத்தைக் கொடுத்தால் அதைத் தருவதாகச் சொல்லி, ஒரு வாரம் பார்க்கக் கொடுத்தார்.

அசல்தானா என்று பார்க்கும் என் பட்டியலில் ஐந்து: தையல், தோலின் வெடிப்பு, உள்பட்டை, கழுகைப் பொருத்தும் துளைகளின் இடம், பித்தளையின் கறுப்பு. ஐந்துக்கும் சரி போட்டேன். துளைகளைப் பார்க்கக் கழற்றிய கழுகைச் சாமி விளக்குகளின் பக்கத்தில் வைத்ததுதான் என் தவறு. வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அது பளபளத்தது. எங்கள் வீட்டில் இருக்கும் என் அண்ணன் மனைவி, அண்ணி, விளக்குகளோடு அதையும் புளி போட்டுத் துலக்கியிருந்தார்.

பழம்பொருளின் கறுப்பைத் தொடக்கூடாது. அதுவும் அடுத்தவர் பொருள். இனி அவர் கேட்டபடி மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும் என்று என் எஃகுக் கவசத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அண்ணியிடம் கோபப்படவில்லை, எவ்வளவு நேரம் தேய்த்தார் என்று மட்டும் கேட்டேன்.

"எங்க தேய்ச்சேன்? புளித்தண்ணி பட்டதும் மை மாதிரி ஓடிருச்சு லா. நம்ம விளக்கு இடுக்குல இருக்கிற கறுப்ப எடுக்க வாரா வாரம் கை ஒடியுது, இது என்ன பித்தளையோ."

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சிறகின் கோடுகளில்கூடக் கறுப்பு மிஞ்சவில்லை. நூறு வருடக் கறுப்பு அப்படிப் போகாது, பூசியது போகும். கவசத்தின் தோலில் பழைய கழுகு மறைத்திருந்த இடம் மட்டும் வெளிறாமல் நிழல்போல் இருந்தது. புதுக் கழுகை அதன்மேல் வைத்தேன். நிழலின் சிறகு அதைவிட அரை அங்குலம் நீளமாக இருந்தது. துளைகளை அளந்த நான் இதைப் பார்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரிங்லெட் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பூ வியாபாரியைச் சந்தித்தேன்.

"யாரும்மா இத பாலிஷ் பண்ணது?"

"எங்க வீட்டுலதாண்ணே. கேக்காம கழுவுனதுக்கு மன்னிச்சிருங்க. ஆனா தோல்தான் பழசு, கழுகு புதுசு."

கழுகை நிழலின்மேல் வைத்துக் காட்டினேன். தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாதும்மா."

தெரியும் என்று நான் சொல்லவில்லையே என்றேன். சிரித்துவிட்டு, கவசத்தைப் பையில் போட்டுக்கொண்டு எனக்கும் சேர்த்துத் தேநீர் சொன்னார்.

வீட்டில் என் எஃகுக் கவசத்தைப் பழைய இடத்தில் வைத்தேன். அண்ணி எட்டிப் பார்த்தார்.

"அழுக்காத்தானே இருக்கு. இதையும் துலக்கிரவா?"

"அது இரும்பு அண்ணி. புளி ஆகாது."