தண்ணீரைவிட இளக்கமான கியர் ஆயில்

தேனியில் கம்பம் சாலையில் ஆயிலும் கிரீஸும் விற்கும் மெகருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது. உத்தமபாளையத்தில் இயற்பியல் படித்த நாளில் அதற்காக ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறார்கள். கண்ணாடிக் குழாய் நிறைய விளக்கெண்ணெய்; அதற்குள் போட்ட இரும்புக்குண்டு, மேடைக்கு வரும் மாப்பிள்ளை மாதிரி அவசரமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் நேரத்தைக் குறித்தார்கள். இவள் மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். ஆனால் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக ஓடும் என்று சொல்லும் பாகுநிலைப் பாடம் அன்றைக்கே மனசில் ஒட்டிக்கொண்டது. நவாஸைக் கட்டிக்கொண்டு, அவன் நடத்திய ஆயில் கடைக்கு வந்தபோது, டின்களின் மேலிருந்த எண்களை அவள் ஒருத்திதான் ஆசையாகப் படித்தாள்.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை எட்டு மணிக்கு ஈஸ்வரபாண்டி என்ற பிட்டர் வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

"தங்கச்சி, தண்ணியை விட இளக்கமா ஒரு கியர் ஆயில் வேணும்."

"எதை விட அண்ணே?"

"தண்ணியை விட. நாலு கடை ஏறி இறங்கிட்டேன். ஒருத்தரு பெட்ரோல் பங்குக்குப் போகச் சொல்றாரு."

விஷயம் இதுதான். மயிலாடும்பாறையில் கஸ்தூரியம்மாள் என்பவர் மாட்டுத்தீவன ஆலை தொடங்குகிறார். சோளத்தையும் தவிட்டையும் குச்சி குச்சியாகப் பிழிந்து தள்ளும் பழைய இயந்திரம் ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்டுவது ஈஸ்வரபாண்டியின் பொறுப்பு. பதினோரு மணிக்குத் திறப்பு விழா. கியர் பெட்டியோ காலி. இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் எண்ணெயின் பாகுநிலை நூற்று நான்கு பாரன்ஹீட்டில் வினாடிக்கு 0.00237 சதுர அடி என்று போட்டிருந்தது. நம் ஊர் டின்களில் இருப்பது சென்டிஸ்டோக், அதாவது வினாடிக்கு இத்தனை சதுர மில்லிமீட்டர். ஈஸ்வரபாண்டி தானே பெருக்கிப் பார்த்தார். 0.72 வந்தது. தண்ணீருக்கே ஒன்று.

புத்தகத்து வரியையும் தன் கணக்கையும் எழுதி அவர் நீட்டிய காகிதத்தைப் பார்த்ததும் மெகருன்னிசாவுக்குச் சிரிப்பு கிளம்பிவிட்டது. கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். டப்பாக்கள் ஆடின.

"சிரிங்க தங்கச்சி. அங்கன என் வேலை போகப்போகுது" என்றார் அவர், முகம் வாடி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "கோவிக்காதீக அண்ணே. ஒரு அடிக்கு எத்தனை மில்லிமீட்டர்?"

"முந்நூத்தி நாலு புள்ளி எட்டு. அதாலதான பெருக்கினேன்."

"அது நீளம். இது சதுர அடி. இந்தா, கால் கீழ கெடக்குற டைல்ஸைப் பாருங்க. ஒரு அடிக்கு ஒரு அடி. இதுல அங்குலத்துக்கு ஒரு கட்டம் போட்டா பன்னெண்டு கட்டமா வரும்?"

ஈஸ்வரபாண்டி குத்தவைத்து உட்கார்ந்து விரலால் கோடு இழுத்துப் பார்த்தார். "நூத்தி நாப்பத்தி நாலு."

"அப்ப மில்லிமீட்டர் கட்டம் போட்டா?"

"முந்நூத்தி நாலு புள்ளி எட்டை அதாலயே திரும்பவும்..." அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தொண்ணூத்திரெண்டாயிரத்தித் தொள்ளாயிரத்தி மூணு" என்றாள், சொந்த போன் நம்பரைச் சொல்வது போல. "அதால பெருக்குங்க."

கைபேசியில் தட்டினார். இருநூற்றிருபது.

"டின்னுல போட்டிருக்கிறது நாப்பது டிகிரி சூட்டுக்கு. ஒங்க புத்தகத்துல நூத்தி நாலு பாரன்ஹீட். ரெண்டும் ஒண்ணுதான். நம்ம எரநூத்தி இருபது நம்பர் ஆயில், அங்கன அலமாரியில கெடக்குது."

ஈஸ்வரபாண்டி மெல்ல எழுந்தார். "பெட்ரோலை ஊத்தியிருந்தா?"

"தெறப்பு விழாவுக்கு வாணவேடிக்கை தனியா வாங்க வேண்டியதில்ல."

இந்த முறை அவரும் சேர்ந்துகொண்டார். ஜீப்பை எடுக்க வந்த நவாஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காரணமே தெரியாமல் தானும் சிரித்தான். ஆயில் கேன்களை ஏற்றிக்கொண்டு மூவருமாகக் கிளம்பினார்கள். கண்டமனூர் வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தார்கள். கடமலைக்குண்டில் யாரோ "தண்ணி" என்று விற்ற சத்தம் கேட்டு மறுபடியும் தொடங்கியது.

ஆலை வாசலில் பந்தல், மேளம், ஊர்ச்சனம். கஸ்தூரியம்மாள் கேனைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏலே பாண்டி, தண்ணியை விட லேசா வேணும்னு சொல்லிட்டுப் போன. இது தேனாட்டம் இருக்கு."

மெகருன்னிசா கியர் பெட்டியின் அடி மூடியைத் திருகினாள். அமெரிக்காக்காரர்கள் ஊற்றிய பழைய எண்ணெய் கொஞ்சம் மூலையில் தேங்கியிருந்தது. அதில் ஒரு சொட்டையும் புதியதில் ஒரு சொட்டையும் சாய்த்த தட்டில் பக்கம் பக்கமாக விட்டாள். கருத்ததும் பொன்னிறமும் ஜோடியாக இறங்கின.

"ரெண்டும் ஒரே நடை நடக்குது பாருங்க ஆத்தா."

கஸ்தூரியம்மாள் தட்டு முடிகிற வரை இமைக்காமல் பார்த்தார். பிறகு, "ஊத்துலே" என்றார்.

பதினொன்றே காலுக்கு இயந்திரம் உறுமியது. கரகரப்பு அடங்கிச் சீராக ஓடியது. சூடான தீவனக் குச்சிகள் கொட்டின. பெண்கள் குலவையிட்டார்கள், மேளம் பிய்த்து உதறியது. பந்தலில் கட்டியிருந்த பசு முதல் குச்சியைத் தின்றுவிட்டு ஈஸ்வரபாண்டியின் சட்டைப்பையில் மூக்கை நுழைத்தது. மெகருன்னிசா கால்களைத் தூக்கி வைத்து மேளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தாள். நவாஸ் அப்படி அவளைப் பார்த்தது அதுதான் முதல்முறை. கஸ்தூரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தானும் இரண்டு அடி வைத்தார்.

இப்போது அந்த ஆலைக்கு எந்த எண்ணெய் வாங்குவதென்றாலும் அவளைக் கேட்டுத்தான். வருசநாட்டிலிருந்தும் லோயர் கேம்ப் பக்கமிருந்தும் பழைய இயந்திரப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். பாகுநிலை அளக்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றை வரவழைத்திருக்கிறாள். எண்ணெய் எத்தனை வினாடியில் இறங்கும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் பந்தயம் கட்டுகிறாள். பெரும்பாலும் அவள்தான் ஜெயிக்கிறாள்.