அண்ணி உட்கார்ந்தால் ஓடும் கார்

எழுபதுகளின் நடுவில் பெட்ரோல் விலை ஏறிய பிறகு, என் கணவரின் வாடகைக் கார் பெரும்பாலும் எங்கள் வாசலிலேயேதான் நின்றது. காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்கவும் பட்டுச் சேலை எடுக்கவும் வருகிறவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, குதிரை வண்டியில் சுற்றிவிட்டுப் போனார்கள். இவர் தினமும் காரைத் துடைப்பார். துடைத்த காருக்குள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

அப்போது பக்கத்துக் கிராமமான தாமலில் இருந்த அவருடைய அக்கா வீட்டில் சாண எரிவாயுக் கலம் கட்டினார்கள். மாட்டுச் சாணியைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் வாயு வரும், அதில் அடுப்பெரிக்கலாம். பார்க்கப் போயிருந்தோம். நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், அந்த அடுப்பில் காப்பி போட்டுக் கொடுத்தார். எல்லோரும் காப்பியைப் பாராட்டினோம். இவர் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நீலத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.  

மறுநாள், அந்த வாயுவில் கார் ஓடுமா என்று கேட்க நேராக மெக்கானிக் பாயிடம் போய்விட்டார். பாய் எதையும் முடியாது என்று சொல்ல மாட்டார். அவரிடம் இருந்த ஒரே குறை அதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிக்கிற ரப்பர் ஷீட்டுகளை வாங்கி, பஞ்சர் பசையால் ஒட்டி, இருவருமாக இரண்டு பெரிய பைகள் செய்தார்கள். ஒன்றைக் காரின் கூரைமேல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே இன்னொன்றைத் திணித்தார்கள். இரண்டிலிருந்தும் குழாய் ஜன்னல் வழியாக இன்ஜினுக்குப் போனது.

"பின்னாடி வர்றவங்க எங்க உக்காருவாங்க?" என்று கேட்டேன்.

"பை மேலதான். மெத்தை மாதிரி இருக்கும்மா," என்றார்.

தாமலுக்குக் கொண்டுபோய் வாயு நிரப்பவே ஒரு காலைப்பொழுது போயிற்று. காருக்குப் பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்று பாய் ஊருக்கே எச்சரிக்கை விட்டார். கொஞ்சம் பெட்ரோலில் கிளப்பி, பிறகு வாயுவுக்கு மாற்றினார். கார் நிஜமாகவே ஓடியது. ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வந்தது. ஆனால் கூரைப்பை தீர்ந்து உள்பைக்கு மாற்றியதும் இருமி நின்றுவிட்டது.

பாய் யோசித்தார். மேல்பையைக் கயிறு அழுத்துகிறது, உள்பையை அழுத்த ஒன்றும் இல்லை என்றார். தானே ஏறி உட்கார்ந்து பார்த்தார், போதவில்லை. அந்த நேரம் பார்த்து நாத்தனார் மோர்ச் செம்போடு வந்தார். வாட்டசாட்டமான உடம்பு. மரியாதை தெரிந்த பாய் தரையைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கனமான சாமான் ஏதாவது இருந்தால் தேவலை என்றார். இவருக்கு அந்த மரியாதையெல்லாம் இல்லை. நேராக அக்காவைத்தான் பார்த்தார்.

அண்ணி ஏறி உட்கார்ந்தார். கார் குதிரையைப் போலக் கிளம்பியது.

பை நிறைந்திருந்தால் அவர் தலை கூரையில் இடிக்கும். வாயு குறையக் குறைய மெல்லக் கீழே இறங்குவார். எவ்வளவு மீதி இருக்கிறது என்று அறிய வேறு கருவியே தேவைப்படவில்லை. பின்னால் பார்க்க முன்னால் மாட்டியிருக்கும் கண்ணாடியில் அக்காவின் முகம் முழுதாகத் தெரிந்தால் கவலையில்லை. பொட்டு மட்டும் தெரிந்தால் சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும்.

நாத்தனாரின் மகளைச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போய் ஒரு மாதமாகியும் பதில் வரவில்லை. நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பைகளையும் நிரப்பிக்கொண்டு நாங்கள் மூவரும் கிளம்பினோம். நாத்தனாரின் கணவர் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டு வராமலே இருந்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்ததும், மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுளித்தார். தன் காலடியைத் தூக்கிப் பார்த்தார், பிறகு எங்கள் காலடிகளைப் பார்த்தார். எங்கள் பட்டுச் சேலைகளில் அழுகிய முட்டை வாடை. வேறு வழியில்லாமல் நான் விஷயத்தைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா, நாலு தறி வைத்திருந்த ஒல்லியான மனிதர், காப்பியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றது. அவருக்கு ஒரு சுற்றுப் போய் வர வேண்டும்.

ஏறி உட்கார்ந்தார். கூரைப்பை வரும் வழியிலேயே தீர்ந்திருந்தது; கார் இரண்டு முறை தும்மியது. அவரைப்போல மூன்று பேர் ஏறினாலும் அது நகர்ந்திருக்காது. இவர் அக்காவைக் கூப்பிட்டார். நாத்தனார் கார் கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"நான் ஏறுறேன். பொண்ண புடிச்சிருக்குதா இல்லியா, அத மொதல்ல சொல்லுங்க."

"புடிச்சிருக்குதும்மா, ஏறுங்க," என்றார் அவர், ஜன்னல் வழியாக.

அப்படித்தான் அந்தச் சம்பந்தம் முடிவானது. அவர் மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்ததால் மறுத்தாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

நாத்தனார் ஏறியதும் பை ஒரு பக்கமாய்ச் சரிந்து, சம்பந்தி வழுக்கிக்கொண்டுபோய் அவர்மேல் சாய்ந்தார். மன்னிப்புக் கேட்டு நகர்ந்தார், மறுபடி வழுக்கினார். கோயில் மதிலை ஒட்டிப் போகும்போது வாயு தீர்ந்தது. இரண்டு சம்பந்திகளும் காலி பைக்குள் புதைந்து, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பூக்கடைக்காரர்கள் வந்து கையைப் பிடித்துத் தூக்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். நாத்தனார் மட்டும் தம்பியை முறைத்தார்.

கல்யாணத்துக்கு எல்லோரும் பஸ்ஸில்தான் போனோம். அதற்குப் பிறகு நாத்தனார் காரில் ஏற மறுத்துவிட்டார். இவர் அவருக்குப் பதிலாக இரண்டு நெல் மூட்டைகளை வைத்துச் சில நாள் ஓட்டிப் பார்த்தார். எப்படிப் போகிறது என்று பாய் கேட்டபோது, ஓட்டமெல்லாம் ஒன்றுதான், ஆனால் மூட்டையை ஏற்றி இறக்க ஆள் வேண்டியிருக்கிறது, அக்கா என்றால் தானே ஏறித் தானே இறங்கும் என்றார். அதை யாரோ தாமலில் போய்ச் சொல்லிவிட்டார்கள். தீபாவளி வரைக்கும் நாத்தனார் எங்களோடு பேசவில்லை.