பிள்ளையார் இழுத்த வடக்கு

லாச்சப்பல் கடைத்தெருவில் கைபேசி திருத்திப் பிழைக்கிறவனுக்கு விமானத்தின் கம்பிகள் எம்மாத்திரம் என்று நினைத்திருந்தேன். என்னுடையது இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்ன விமானம். பெட்டிகளில் வந்த பாகங்களை, நகரத்துக்கு வெளியே ஒரு பறப்புக் கழகக் கொட்டகையில் வைத்து நானே பூட்டினேன். தனியாகப் பறந்து சோதித்தாயிற்று. இனி ஆளை ஏற்றலாம். ஏற்ற எனக்கிருந்தது ஒரே ஆள், என் மனைவி. அவளோ அசைவதாயில்லை.

“சைக்கிள் செயின் பூட்டத் தெரியாத ஆள் பூட்டின பிளேனிலை நான் ஏறுறதோ?” என்று எங்கள் பொபினி வீட்டுக் குசினியில் நின்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் விமானத்தில் திசை காட்டும் திரை பிசகத் தொடங்கியது. ஓடுபாதையில் மேற்கே பார்த்து நிற்கிறேன், திரை தென்மேற்கு என்கிறது. நாம் போகும் வழியை வானத்திலிருந்து செய்மதி சொல்லிவிடும். மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்ல, பூமியின் காந்தத்தை உணரும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வேண்டும். மற்றக் கம்பிகளின் தொல்லை எட்டாதபடி, பக்கத்து இருக்கைக்குப் பின்னால் ஒரு மூடிக்குள் அதை வைத்திருந்தேன். இந்தப் பிழை மனைவிக்குத் தெரிந்தால் ஆயுளுக்கும் ஏறமாட்டாள். பயமாக இருந்தது. அவளிடம் மூச்சுவிடாமல் திருத்த இறங்கினேன்.

புதிதாகப் பூட்டிய போன் சார்ஜர் மேல் பழியைப் போட்டுக் கழற்றினேன். மாற்றமில்லை. எர்த் கம்பியை மாற்றினேன். திரை அதற்கும் அசையவில்லை. வாரக்கடைசியெல்லாம் திரைக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டிய ஒரு ஞாயிறு, மனைவி ரோல்ஸ் பார்சலோடு கொட்டகைக்கு வந்தாள். நான் அப்போது ஒரு கைத் திசைகாட்டியை விமானத்துக்குள் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையை நெருங்கியதும் முள் சன்னதம் கொண்டு ஆடியது.

மூடியைத் திறந்தேன். கறுப்புப் பெட்டியின் மேல், சந்தனப் பொட்டோடு, கார்களில் வைக்கிற சின்னப் பிள்ளையார் வீற்றிருந்தார்.

“இது ஆர் வைச்சது?”

“நான்தான். போன மாசம் தேத்தண்ணி கொண்டு வந்தனான் எல்லே, அப்ப. உள்ளுக்கை ஒரு இடத்திலையும் ஒட்டமாட்டன் எண்டிட்டார். இந்தப் பெட்டி பீடம் மாதிரி வடிவா இருந்துது. டேப் போட்டு இருத்தினனான்.”

விமானத்தின் அலுமினியத்தில் காந்தம் எங்கே ஒட்டும்! எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“இஞ்சரும், அவருக்கு அடியிலை காந்தமெல்லே! உம்மடை பிள்ளையார்தான் திரையிலை வடக்கைப் பிழையா இழுத்துக்கொண்டு இருந்தவர்.”

“நீங்கள் தனியப் பறந்து திரியிறியள். துணைக்கு ஒருத்தர் இருக்கட்டும் எண்டுதான்…” என்றாள். குரல் இறங்கிவிட்டது.

அவள் சும்மா நக்கலடிக்கிறாள் என்றல்லவா இருந்தேன். நான் மேலே திரிந்த நேரமெல்லாம் அவள் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்.

பிள்ளையாரை மெல்லக் கழற்றி, இரும்புக் கருவிப்பெட்டியின் மேல் வைத்தேன். டக்கென்று பிடித்துக்கொண்டார். மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு வெறும் இருக்கையைப் பார்த்தாள்.

“அப்ப இனித் துணைக்கு ஆர்?”

“ஒருத்தரும் இல்லை.”

ரோல்ஸ் பார்சலைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தாள். கைப்பையையும் வைத்தாள். ஏறி அந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

“இந்த பெல்ட்டை எப்பிடிப் பூட்டுறது?”

ஓடுபாதையில் போய் நின்றபோது திரை மேற்கு என்றது. அவள் என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள்.

“இப்ப சரியாக் காட்டுதோ?” என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.