அட்டை என்று ஒரு குறிச்சொல்

ஊர் உலகமெல்லாம் வலைப்பூவைக் காயவிட்டு வீடியோவுக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் நான் வலைப்பூவைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று சொல்வதே அசட்டுத்தனம். ஆனால் அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது. பெரிய காஞ்சிபுரத்து நூலகம் ஒன்றில், மின்விசிறிக்கு மட்டுமே சத்தம் போட அனுமதி உள்ள அறையில் உட்கார்ந்துகொண்டு, என் பதிவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் பெரும்பாலும் நானே.

என்னை மயக்கியது எழுத்து அல்ல, குறிச்சொல். நூலகத்தில் ஒரு புத்தகத்துக்கு ஓர் எண், அலமாரியில் ஓர் இடம். சர்க்கரை நோயாளிக்கான சமையல் புத்தகத்தை மருத்துவத்தில் வைப்பதா, சமையலில் வைப்பதா என்று சாப்பாட்டை மறந்து யோசித்திருக்கிறேன். வலைப்பூவிலோ இரண்டையும் போடலாம். கூடவே 'பாகற்காய்' என்றும் 'துக்கம்' என்றும் போடலாம். வாழ்நாளெல்லாம் அளவுச் சாப்பாடு சாப்பிட்டவனைக் கல்யாணப் பந்தியில் உட்கார வைத்த மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில் மதிய நேரங்களில் ஒரு பெண் வருவார். பட்டுச் சேலைக்கு டிசைன் வரைபவர். கணவர் தறி நெய்கிறவர். அதுவரை பிறர் கொடுத்ததையே படியெடுத்துக் காலம் தள்ளிய அந்தப் பெண், முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று வரைந்துகொண்டிருந்தார். பறவைகள் பற்றிய ஒரு புத்தகத்தின் அட்டையிலிருந்த பனங்காடையைப் பார்த்துப் பார்த்து, கட்டம் போட்ட தாளில். தை முகூர்த்தத்துக்கு முன் ஒரு கடை முதலாளியிடம் காட்டப்போவதாகச் சொன்னார். புது டிசைன் தறியேறும்வரை வெளியே தெரியக்கூடாது என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

"ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாம்மா?" என்றேன்.

"லைப்ரரி ஆபீசுக்கு அனுப்பறதுக்கா சார்?"

"ம்" என்றேன். அந்த 'ம்'முக்கு இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை.

பதிவில் அவர் பெயரைப் போடவில்லை. என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டேன். பெயரைத் தவிர மற்றதையெல்லாம் குறிச்சொற்களாகப் போட்டேன்: காஞ்சிபுரம், பட்டு, புது டிசைன், பனங்காடை, அட்டை. கடைசிச் சொல்லில்தான் வினை. நான் நினைத்தது புத்தகத்தின் அட்டையை. எங்கள் ஊரிலோ அட்டை என்றால், தறியின் மேல் தொங்கிக்கொண்டு, எந்த இழை எழும்ப வேண்டும் என்று ஓட்டைகளால் சொல்லும் டிசைன் அட்டை. புது டிசைன் தேடுகிறவன் முதலில் தட்டுவது அந்தச் சொல்லைத்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். எனக்குள்ளிருந்த நூலகர் குறுக்கே வந்துவிட்டார்.

திடீரென்று என் பதிவுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். என் நடையழகின் புகழ் பரவிவிட்டது என்று நம்பி, நூலக உதவியாளருக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

தை பிறப்பதற்கு முன்பே அந்தப் பெண் கைப்பேசியோடு வந்தார். எங்கோ விசைத்தறியில் ஓட்டிய சேலையின் படம். முந்தானை முழுக்கப் பனங்காடை.

"மொதலாளி இதக் காட்டி, 'ஏம்மா, மார்க்கெட்ல ஓடிக்கினு இருக்கறத எங்கிட்ட புதுசுன்னு எடுத்தாந்திருக்கியே'ன்னு திருப்பி அனுப்பிட்டாரு சார். எங்கேருந்து போச்சுன்னே தெரில. இங்க ஒக்காந்துதானே வரைஞ்சேன்."

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினேன். நின்றபடியே முழுப் பதிவையும் படித்தார். நான் மேசைமேலிருந்த ரப்பர் ஸ்டாம்பை நேராக வைத்தேன். மறுபடியும் நேராக வைத்தேன். முதலாளியிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

"வாணாம் சார். வந்தீங்கன்னா அதையும் எழுதிடுவீங்க."

அவர் கண்ணெதிரிலேயே பதிவை அழித்தேன். அழித்தால் சேலை அழியுமா? அவர் கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். முந்தானையில் ஒரு பறவைக்கும் கால் இல்லை.

"கால் இனிமேதான் போடப்போறாங்கன்னு நீங்க தெளிவா எழுதியிருந்தீங்க சார். படத்த மட்டும் எடுத்துக்கினு போயிட்டானுங்க. நீங்க எழுதனத ஒருத்தனும் படிக்கல."