புளியமரத்தில் நான் ஏற்றிய நீலி

செல்போனில் பேய்க்கதைகள் எழுதி வெளியிடுவது என் பழக்கம். சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகும் சாலையில் உள்ள ஒரு புளியமரத்தில் நீலிப் பேய் குடியிருப்பதாக எழுதினேன். கதை ஊரெல்லாம் பரவியது.

ஒரு மாதம் கழித்து, அந்த மரத்தடி டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன்.

"காலையில இருந்து நீங்கதான் முத ஆளு அண்ணாச்சி. இங்கன நீலி இருக்கான்னு எவனோ கத எழுதிட்டானாம். ஒருத்தரும் நிக்க மாட்டேங்காவ" என்றார் கடைக்கார அக்கா.

கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தேன். "எழுதினது நான்தான்க்கா" என்றேன்.

திட்டப்போகிறார் என்று தலைகுனிந்து நின்றேன். அவரோ சிரித்துவிட்டார். "ஏத்திவிட்டது நீங்கதான? நீங்களே எறக்கி விட்டுருங்க."

நீலி அக்கா கொடுத்த டீயைக் குடித்து, கோபம் தணிந்து, மரத்தை விட்டுப் போய்விட்டதாக அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அடுத்த வாரமே நீலி குடித்த டீயைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

அன்று அவர் கடிந்து பேசியிருந்தால் எழுதுவதையே விட்டிருப்பேன். இப்போதும் எழுதுகிறேன். ஆனால் பேயை எந்த மரத்தில் ஏற்றினாலும், அதன் நிழலில் யார் பிழைக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுகிறேன்.