கவுக்கக் கூடாத போட்டு

மழை நின்றுவிட்டது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆனாலும் நான் பிரேக்கை மிதித்தால் என் வண்டியின் முன் கண்ணாடியில் மட்டும் தண்ணீர் கொட்டுகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது.

"தாயி, இது உனக்கும் தெரியுதா, எனக்கு மட்டுந்தானா?" என்று பக்கத்து சீட்டில் இருந்த மாரீஸ்வரியிடம் கேட்டேன்.

"தெரியுதுண்ணே. இன்னொருக்க மிதிங்க, பாப்போம்."

மிதித்தேன். கொட்டியது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அருப்புக்கோட்டை ஸ்டாண்டில் இருபது வருஷத்துக்கு மேலாக வாடகை வண்டி ஓட்டுகிறேன். கூரைக் கேரியரில் சீர் பீரோ ஏற்றியிருக்கிறேன், ஜெனரேட்டர் ஏற்றியிருக்கிறேன், ஒரு கல்யாணத்தில் இறங்க மாட்டேன் என்று மேலேயே படுத்துக்கொண்ட மாப்பிள்ளைத் தோழனையும் இறக்கியிருக்கிறேன். புதிதாக ஸ்டாண்டுக்கு வருகிறவர்கள் "கஷ்டமான லோடு எதுண்ணே?" என்று கேட்பார்கள். அவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன். சிரித்துக்கொண்டே படிக்கலாம். நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

1. லோடு

மாரீஸ்வரி எங்கள் தெருப் பிள்ளை. அப்பா நூல் மில்லில் வேலை. சென்னைக்குப் படிக்கப் போனவள், படிப்போடு துடுப்புப் போடவும் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். அதை வைத்து அருப்புக்கோட்டையில் என்ன செய்வது என்று தெருவே குழம்பிக் கிடந்தபோது, ராமநாதபுரம் பக்கம் கடலோரத்தில் ஒரு வேலை வந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்குக் கயாக் ஓட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்து போகிற ஒல்லிப் படகுதான் கயாக். சொந்தப் படகோடு வந்து, குறித்த நாளில் இருட்டுவதற்குள் ஓட்டிக் காட்டினால் வேலை. தவறினால் அடுத்த ஆள்.

பழைய கயாக் ஒன்றை வாங்கிவிட்டாள். மில்லுக்கு வந்த லாரியில் அது சும்மாவே அருப்புக்கோட்டை வரைக்கும் வந்துவிட்டது. இங்கிருந்து கடலுக்குத் தனி லாரி பிடிக்க வசதி இல்லை. என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ஒங்க கேரியர் தாங்குமா?"

"பீரோவே தாங்குச்சு தாயி. இது பிளாஸ்டிக்கு."

பெல்ட்டு, பேடு என்று அவள் வீடியோவில் காட்டியது எதுவும் எங்களிடம் இல்லை. மில்லில் கழித்துப்போட்ட பஞ்சைச் சாக்கில் அடைத்து மெத்தை போட்டேன். பழைய சைக்கிள் டியூபையும் தேங்காய்க் கயிற்றையும் போட்டு இழுத்துக் கட்டினேன். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த வாலில் சிவப்புத் துணி.

"கவுத்துப் போட்டுக் கட்டணும்ணே. வீடியோல அப்படித்தான் இருக்கு" என்றாள்.

சீர் கொண்டு போகும்போது ஒரு சின்னச் செம்பைக்கூட நாங்கள் கவிழ்த்து ஏற்ற மாட்டோம். "நல்ல காரியத்துக்குப் போறப்ப வாயைக் கவுத்தா கொண்டு போவாக? நிமித்தித்தான் வைக்கணும்."

"மழை வந்தா?"

பக்கத்து வண்டி சேகர் டீயைத் துப்பிவிட்டான். "ஏத்தா, மழைக்கு அருப்புக்கோட்டைக்கு வழி தெரியுமாத்தா?"

ஸ்டாண்டே சிரித்தது. பாவம், அவளும் சிரித்துவிட்டாள்.

2. திருச்சுழி தாண்டி

திருச்சுழி தாண்டியதும் வானம் கறுத்தது. முதலில் எங்களுக்குச் சந்தோஷம்தான். கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினோம். வைப்பரைப் போட்டேன். வெயிலில் காய்ந்து கிடந்த ரப்பர் பிய்த்துக்கொண்டு பறந்தது. அடித்து ஊற்றி ஓய்ந்தது மழை.

அதற்குப் பிறகுதான் இந்தப் பிரேக் மழை. வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, பிறகு நிமிர்ந்தது. டயரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்த்தேன். போன வாரம் திருஷ்டிக்கு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை எடுத்ததை நினைத்துக்கொண்டேன்.

நரிக்குடிக்குக் கொஞ்சம் முன்னால் தலைக்கு மேலே 'மடக்'கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் கேரியரின் ஒரு கால் மடங்கியிருக்கிறது. மாரீஸ்வரி கதவுப் படியில் ஏறி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே… போட்டுக்குள்ள கம்மாய் கெடக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்து வைத்த படகு வழியெல்லாம் மழையைக் குடித்திருக்கிறது. பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் ஓடி, மூக்கில் சாமான் வைக்கிற பொந்தின் இற்றுப்போன மூடி வழியாகக் கண்ணாடியில் கொட்டியிருக்கிறது.

கயிற்றை அவிழ்க்கலாம் என்றால், நனைந்த தேங்காய்க் கயிறு இரும்பாகிவிட்டது. அறுத்தால், சாய்ந்த கேரியரிலிருந்து படகு ரோட்டில் விழுந்து உடையும். வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் நகத்தைக் கடித்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

3. கண்மாய்க் கரை

"பின்னாடி ஒரு மூடி இருக்குண்ணே. தெறந்தா தண்ணி போயிரும். ஆனா மூக்கு மேல நிக்கணும்."

"இதை அப்பவே சொல்லக் கூடாதா?"

"அப்ப தண்ணி இல்லையே."

பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரை தெரிந்தது. மெதுவாக ஏற்றி, வண்டியின் மூக்கு மேலே பார்க்க நிறுத்தினேன். தண்ணீர் நிற்க வேண்டிய அந்தக் கண்மாயில் கருவேலம்தான் நின்றது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தார்.

"ஏய்யா, தண்ணி தெறந்து விட்டுட்டாகளா? போட்டெல்லாம் வருது?"

"இல்லம்மா, நாங்க கடலுக்குப் போறோம்."

"கடலுக்கா? அப்ப ஏன் இங்க ஏத்துறீக?"

அதற்குள் மாரீஸ்வரி மூடியைத் திருகினாள். குழாய் மாதிரி தண்ணீர் பீய்ச்சியது.

"அடியே, கீழ விடாதடி! ஆட்டுக்கு ஆகும்!" என்று அந்த அம்மா கத்தினார். எங்கிருந்து வந்தார்களோ, குடமும் வாளியுமாக ஆறேழு பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். மூன்று குடம் நிறைந்தது. நாலாவது பாதியில் நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா? போட்டெல்லாம் கட்டிக்கிட்டு வந்தீக, இம்புட்டுத்தான் கொண்டாந்தீகளா?" என்று கடைசியில் நின்றவர் என்னைத் திட்டினார். தண்ணீர் திறந்துவிடாத அரசாங்கத்து ஆள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆனால் அவர்கள்தான் காப்பாற்றினார்கள். ஆளுக்கொரு பக்கம் படகைத் தாங்கிப் பிடிக்க, நான் கயிற்றை அறுத்தேன். மடங்கிய காலைக் கல்லால் தட்டி நிமிர்த்தினேன். ஆட்டுக்கார அம்மா கிணற்றில் இறைக்கிற நைலான் கயிற்றைக் கொடுத்தார்.

படகைத் தூக்கி வைக்கும்போது மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள்.

"கவுத்திரு தாயி" என்றேன். மனசுக்குள் எலுமிச்சம்பழம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

4. கடல்

போய்ச் சேர்ந்தபோது சூரியன் பனைமர உச்சியைத் தொடவில்லை, தொடப் பார்த்தது. அங்கிருந்த பயிற்சியாளர் மணிக்கட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "சரி, எறங்குங்க" என்றார். அவள் படகில் உட்கார்ந்து சர்ரென்று கொஞ்ச தூரம் போனாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

கரையிலிருந்து அவர் குரல் கொடுத்தார். "ம், இப்ப கவுத்துங்க!"

நான் பதறி அவர் கையைப் பிடித்துவிட்டேன். "சார், சார், நல்ல காரியத்துக்கு வந்திருக்கு சார்!"

"யாருங்க நீங்க?"

"டிரைவர் சார்."

அதற்குள் அவள் படகோடு தலைகீழாகப் போய்விட்டாள். தண்ணீருக்கு மேலே படகின் முதுகு மட்டும் தெரிந்தது. நான் செருப்போடு முழங்கால் வரைக்கும் கடலில் இறங்கிவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. அப்புறம் பக்கத்தில் ஒரு தலை மேலே வந்தது. படகைப் புரட்டி, அதில் தாவி ஏறி, மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணே! வேலையே இதுதாண்ணே! கவுந்தா எப்படி வெளிய வரணும்னு சொல்லிக்குடுக்கத்தான் ஆள் எடுக்குறாக!"

வேலை கிடைத்தது. நான் ஈரச் செருப்போடு திரும்பி வந்து, ஆட்டுக்கார அம்மாவுக்குக் கயிற்றைக் கொடுத்தேன். "தண்ணி எங்க?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் லோடு ஏற்றும் முன்னால் கொண்டு வந்தவரிடம் ஒன்று கேட்கிறேன்: "இது எந்தப் பக்கம் பாக்கணும்?" சொன்னபடியே கட்டுகிறேன். போன மாதம் ஒருத்தர் தண்ணீர்த் தொட்டி கொண்டு வந்து, "கவுத்துக் கட்டுங்க" என்றார். சேகர் முகத்தைச் சுளித்தான்.

கவிழ்த்தே கட்டினேன். பிறகு வானத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.